நெம் பிரமாதம், அட்டையில் உள்ள கதைதான் இடிக்கிறது

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், ஒரு வீட்டின் முன்னறையில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் நடக்கும் வியட்நாம் உணவகத்துக்குச் சென்ற ஞாயிறன்று குடும்பத்துடன் போயிருந்தோம். மூன்றே மேசைகள்தான் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது.

இங்கு வருகிறவர்கள் நெம் எனும் வியட்நாமியப் பொரித்த சுருளுக்காகவே வருகிறார்கள். கொத்திய பன்றிக்கறி, இறால், ஊறவைத்த கண்ணாடிச் சேமியா ஆகியவற்றை அரிசித் தாளில் விரல் தடிமனுக்கு இறுக்கிச் சுருட்டி, மேல்தோல் பொடிப்பொடியாகக் கொப்புளிக்கும்வரை நிதானமாகப் பொரிக்கிறார்கள். அதைப் புதினாவோடு லெட்யூஸ் இலையில் மடித்து, எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்த மீன் சாற்றில் தோய்த்துக் கடித்தபோது கையில் துளி எண்ணெய் ஒட்டவில்லை. ஃபோ சூப்பில் மட்டும் அன்னாசிப்பூ தூக்கலாகி, பிரியாணியை நினைவூட்டியது.

என் மனக்குறை சமையலைப் பற்றியதல்ல. விலைப்பட்டியல் அட்டையின் பின்புறம், ‘அகதிப் படகில் கரையேறிய சுவை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். 1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் வீழ்ந்தபின், மீன்பிடிப் படகுகளில் நெருக்கியடித்துக்கொண்டு கிளம்பி, கொள்ளையருக்கும் புயலுக்கும் தப்பியவர்கள் ஒதுங்கிய கரைகள் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஹாங்காங் போன்றவை. 1995 வரை ஏறத்தாழ 8 லட்சம் பேர் அப்படிக் கரையேறினார்கள். மூழ்கியவர்களின் தொகை இன்றுவரை மதிப்பீடாகவே இருக்கிறது. சுமார் ஒரு சதுர கிலோமீட்டரே உள்ள மலேசியாவின் புலாவ் பிடோங் தீவில் மட்டும், 1979 ஜூனில் ஏறத்தாழ 40,000 பேர் அடைந்து கிடந்தார்கள்.

நம் ஊர்ச் சைகோன்காரர் குடும்பங்களின் கதையோ வேறு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் எழுத்தராகவும் சொல்தாவாகவும் (படைவீரராகவும்) வியட்நாமுக்குப் போய், சிலர் வியட்நாமியப் பெண்களை மணந்து, பிரெஞ்சுக் குடியுரிமைப் பத்திரத்தோடு முறையாகப் பயணச்சீட்டு வாங்கித் திரும்பியவர்கள் அவர்கள். பரிமாறிய அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். தம் பாட்டி 1950களில் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு பெரிய கப்பலில் வந்திறங்கியதாகவும், அட்டை வாசகம் அச்சகத்துப் பையனின் கைவரிசை என்றும் சொல்லிச் சிரித்தார். அந்த டிரங்குப் பெட்டிகளில் ஒன்றின் மேல்தான் இப்போது தண்ணீர்க் குடம் இருக்கிறது. அட்டையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நான்கு நெம் 200 ரூபாய். மீன் சாறு மறுபடி கேட்டாலும் தனிக் காசு கிடையாது.