எந்த இன்ஸ்பெக்டர் பிடிக்கும், ஜாவேரா, கனிமாரா?

பிரெஞ்சுக் கதைகளில் விடாப்பிடி இன்ஸ்பெக்டர் என்றதும் நினைவுக்கு வருபவர் ஜாவேர்தான். விக்டர் ஹியூகோ 1862-இல் 'லே மிசெராப்ல்' நாவலில் படைத்த பாத்திரம். சிறையிலேயே பிறந்தவர், அதனாலேயே சட்டத்தை அப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஊர் மேயரைப் பழைய கைதி என்று தவறாகச் சந்தேகித்துவிட்டோம் என்று நம்பியதும், 'என்னை வேலையைவிட்டு நீக்குங்கள்' என்று அந்த மேயரிடமே போய் நிற்கிறார். சேன் நதியில் குதிப்பதற்கு முன்கூட ஸ்டேஷனில் உட்கார்ந்து, சோதனையின்போது கைதிகள் வெறுங்காலோடு கல்தரையில் நிற்பதால் இருமல் வருகிறது, ஆஸ்பத்திரிச் செலவு கூடுகிறது என்று மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதிவைக்கிறார். சாகப்போகிறவன் எழுதுவதா இது! (தமிழில் 1950-இல் 'ஏழை படும் பாடு' படத்தில் இந்த வேடம் போட்ட சீதாராமனுக்கு 'ஜாவர்' என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டது.)

மோரிஸ் லெப்லாங்கின் கதைகளில் வரும் இன்ஸ்பெக்டர் கனிமார் வேறு ரகம். அர்சேன் லூப்பான் என்ற கில்லாடித் திருடனை விடாமல் துரத்துவார், பிடிக்கவும் செய்வார். ஆனால் கோர்ட்டில் லூப்பானையே நேருக்கு நேர் பார்த்து, 'இவன் அவனில்லை' என்று சாட்சி சொல்லிவிடுவார். அப்புறமென்ன, ஆள் வெளியே! கனிமார் தோற்றால் சிரிப்பு வரும். ஜாவேர் ஜெயித்தாலே வயிற்றைக் கலக்கும். எனக்கு ஜாவேர்தான், ரயில் பயணமென்றால் மட்டும் கனிமார்.