பினாங்கா, சியாங் மாயா, லிஸ்பனா? ரிமோட் வேலைக்கு எந்த ஊர்?

வெளிநாட்டில் இருந்துகொண்டு ரிமோட் வேலை பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது வாடகையைத்தான். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவரின் கடிகாரத்தை. வாடகை கொஞ்சம் கூடினால் வேறு செலவைக் குறைத்துச் சமாளித்துவிடலாம். தினமும் நள்ளிரவு வரை மீட்டிங்கில் உட்கார வைக்கும் ஊரில் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும்?

நியூயார்க்கில் காலை 9 மணிக்கு ஒரு மீட்டிங் என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் அது சென்னையில் இரவு 7.30. தாய்லாந்தின் சியாங் மாயில் 9 மணி, மலேசியாவின் பினாங்கில் 10 மணி. அதாவது, அமெரிக்க கிளையன்ட்டுக்கு வேலை பார்ப்பவர் கிழக்கே போகப் போக அவர் தூக்கம்தான் கெடும். போர்ச்சுகலின் லிஸ்பனில் அதே மீட்டிங் பிற்பகல் 2 மணிக்கு. லண்டனுக்கும் லிஸ்பனுக்கும் வருடம் முழுக்க ஒரே நேரம் என்பதால் பிரிட்டன் கிளையன்ட் இருப்பவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

இந்திய நிறுவனத்துக்கு வேலை செய்பவர் கதை வேறு. பினாங்கு நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே காலை 9.30-க்கு ஆபீஸ் தொடங்கினால் அங்கே பகல் 12 மணி. காலைப் பொழுது முழுக்க உங்கள் கையில். சிங்கப்பூர் கிளையன்ட் என்றால் இன்னும் வசதி, நேர வித்தியாசமே கிடையாது.

அடுத்தது விசா. இதில் மூன்று நாடுகளும் மூன்று விதமான ஆட்களைத் தேடுகின்றன. ரிமோட் வேலைக்காரர்களுக்கான மலேசியாவின் ‘டி ரந்தாவ்’ பாஸ் 2022 அக்டோபரில் வந்தது. 3 முதல் 12 மாதம் வரை தருகிறார்கள், இன்னொரு 12 மாதம் நீட்டிக்கலாம். கணவன் அல்லது மனைவியையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐடி சார்ந்த வேலை என்றால் ஆண்டு வருமானம் 24,000 டாலர், சுமார் 20 லட்சம் ரூபாய், இருந்தால் போதும். மற்ற துறைக்காரர்களுக்கு 60,000 டாலர். இந்த இடைவெளி எனக்கு நியாயமாகப் படவில்லை. மொழிபெயர்ப்பாளரும் கணக்காளரும் அதே லேப்டாப்பில்தானே வேலை செய்கிறார்கள்?

தாய்லாந்து வருமானத்தைவிடச் சேமிப்பைத்தான் பெரிதாகப் பார்க்கிறது. 2024 ஜூலையில் தொடங்கிய டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) என்ற விசாவுக்கு வங்கியில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். நம் பணத்தில் 12 லட்சத்துக்கு மேல். விசா 5 வருடம் செல்லும், ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் வரை தங்கலாம். ஒரு மாதம் கொட்டி மறுமாதம் வறளும் ஃப்ரீலான்ஸ் வருமானக்காரருக்கு இது பொருத்தம். ஆனால் தாய்லாந்து நிறுவனங்களில் வேலை பார்க்கக்கூடாது.

ரிமோட் வேலைக்காரர்களுக்கான போர்ச்சுகலின் டி8 விசாவுக்கு அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு மாத வருமானம் தேவை. 2025-இல் அது 3,480 யூரோவாக இருந்தது. விசா கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. 2023 அக்டோபரில் பொறுப்பேற்ற ஐமா என்ற குடியேற்ற அமைப்புக்குப் பழைய நிலுவை விண்ணப்பங்களே லட்சக்கணக்கில் வந்து சேர்ந்தன. வதிவிட அட்டைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

சரி, ஊர் எப்படி? சியாங் மாயைப் பற்றி எல்லோரும் புகழ்ந்துதான் சொல்வார்கள். நிம்மன் பகுதியில் திரும்பிய பக்கமெல்லாம் லேப்டாப் வைத்து உட்காரும் காபிக் கடைகள், மலைக்காற்று, குறைந்த செலவு. எல்லாம் உண்மை. சைவக்காரர்கள் மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துப் போட்ட பலகையைத் தேடிப் போனால் மீன் சாஸ் இல்லாத சாப்பாடு கிடைக்கும். ஆனால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அங்கே இருக்காதீர்கள். மக்காச்சோளத் தட்டைகளைக் கொளுத்துவதும் காட்டுத் தீயும் எல்லை தாண்டி வரும் புகையும் சேர்ந்து, சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் சட்டிக்கு மூடி போட்ட மாதிரி தங்கிவிடுகின்றன. மார்ச்சில் உலகிலேயே காற்று மோசமான நகரங்களின் பட்டியலில் முதலிடத்துக்குப் போகும் நாட்களும் உண்டு. ஆஸ்துமா உள்ளவரோ சின்னக் குழந்தையோ வீட்டில் இருந்தால், ஒரு வருட வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

பினாங்கில் சில வருடங்களில் சுமத்ரா தீயின் புகை வரும். 2015-லும் 2019-லும் நன்றாகவே வந்தது. ஆனால் வருடம் தவறாமல் வருவதில்லை. என் ஓட்டு, குடும்பத்தோடு போகிறவர்களுக்கு, பினாங்குக்குத்தான். தீவின் பாயான் லெப்பாஸ் பகுதியில் 1970-களிலிருந்தே மின்னணுத் தொழிற்சாலைகள் இருப்பதால் தொழில்நுட்ப வேலை அந்த ஊருக்குப் புதிதல்ல. ஆங்கிலம் எங்கும் செல்லும். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில், குயின் தெருவில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில், அதைச் சுற்றி லிட்டில் இந்தியா. தண்ணீர்மலை முருகனுக்குத் தைப்பூசத்தன்று கூடும் கூட்டத்தைப் பார்த்தால் வெளிநாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தெடுத்த நாசி கண்டார் (சோறும் பலவகைக் குழம்புகளும்) இருக்கும்வரை சாப்பாட்டுக் கவலை இல்லை. 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து நேரடி விமானமும் தொடங்கியது.

குறை இல்லாமல் இல்லை. வெக்கை விடவே விடாது. பழைய நகரத்தில் கடைகளுக்கு முன்னால் ஓடும் ‘ஐந்தடி’ நடைபாதைகளில் பைக்குகள் நிற்பதால் தெருவில் இறங்கித்தான் நடக்க வேண்டும். பஸ்ஸை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது சிரமம், கார் வேண்டியிருக்கும்.

லிஸ்பன் அழகான ஊர், சம்பளத்தில் பெரும்பங்கை வாடகைக்கே கேட்கும் ஊரும்கூட. பல பழைய வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது, ஜனவரியில் வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேலை பார்க்க நேரும். வருமானம் டாலரிலோ பவுண்டிலோ வந்து, ஐரோப்பாவில் வேரூன்றும் எண்ணமும் இருந்தால் மட்டும் அங்கே போகலாம்.

அப்புறம் வரி. ஒரு வருடத்தில் தாய்லாந்தில் 180 நாளோ மலேசியாவில் 182 நாளோ தங்கிவிட்டால், அல்லது போர்ச்சுகலில் 183 நாளைத் தாண்டினால், வரிக்கணக்கில் நீங்கள் அந்த ஊர்க்காரர். சம்பளம் இந்திய வங்கியில்தானே விழுகிறது என்று சும்மா இருந்துவிட முடியாது. உட்கார்ந்து வேலை பார்த்த நாடும் வரி கேட்கலாம். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஆடிட்டரிடம் நாள் கணக்கைக் காட்டிப் பேசிவிடுங்கள், கம்பெனியில் எழுத்துப்பூர்வமாக அனுமதியும் வாங்கிவிடுங்கள்.