வாசலில் கேட்டா, அலமாரிக்கு லாக்கா?

தவழ ஆரம்பித்த பிள்ளை நேராகப் போகிற இடம் அடுப்படிதான். பிள்ளை உள்ளே வராமல் சமையலறை வாசலில் மாட்டும் தடுப்பு கேட்டா, அலமாரிக் கதவைத் திறக்கவிடாமல் ஒட்டும் லாக்கா, எதை வாங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு:

செலவு: கேட்டுக்குச் சில ஆயிரம் ஆகும். ஒட்டுகிற லாக் சில நூறில் முடியும்.

உழைப்பு: கேட் வருடக்கணக்கில் நிற்கும். லாக்கின் பசை எண்ணெய்ப் பிசுக்கில் கழன்றுவிடும். ஒட்டும் முன் சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஈரம் போகக் காயவிடுங்கள். ஒட்டியபின் ஒரு நாள் இழுக்காதீர்கள்.

பாதுகாப்பு: பெரிய வித்தியாசம் இதில்தான். கொதிக்கிற ரசம், குக்கர், அரிவாள்மனை, 14.2 கிலோ சிலிண்டரின் ரெகுலேட்டர், எட்டிப் பிடிக்கிற உயரத்தில் தொங்கும் மிக்ஸி ஒயர் எல்லாம் அலமாரிக்கு வெளியே இருப்பவை. லாக் இவற்றில் எதையும் தடுக்காது. உள்ளே இருக்கும் கத்தி, பினாயிலுக்கு மட்டும்தான் அது காவல்.

வசதி: இரண்டு கையிலும் பாத்திரத்தோடு கேட்டைத் திறப்பது எரிச்சல். வீட்டுப் பெரியவர்கள் இரண்டாம் நாளே திறந்து போட்டுவிடுவார்கள், பாருங்கள்.

தனி வாசல் உள்ள சமையலறை, தவழும் பிள்ளை என்றால் யோசிக்காமல் கேட். ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறை என்றால் லாக். கூடவே பின்வரிசை பர்னரில் சமையுங்கள். ஏறப் பழகிய இரண்டு வயதுக்காரருக்கு கேட் ஒரு ஏணி, அப்போதும் லாக்தான். எதை வாங்கினாலும் சரி, ஆசிட் பாட்டிலை இன்றே பரணுக்கு ஏற்றிவிடுங்கள்.