பட்டையா, பனியா, திரையா: மறைவு விண்போர்க்கலத்துக்கு மூன்று வரைவுகள்

கிருஷ்ணகிரியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, மேசைமேல் கட்டம் விரித்து ஆடுவதற்கான விண்போர் விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறோம். எதிரியின் உணரிகளுக்குத் தெரியாமல் நெருங்கித் தாக்கும் ஒற்றையாள் கலம் அதில் இருக்கவேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அந்தக் கலம் எவ்வாறு மறைய வேண்டும் என்பதில்தான் மூன்று வரைவுகள் போட்டியிடுகின்றன. ரேடார் அலையைத் திசைதிருப்பும் கோண உடல் கொண்டதைப் 'பட்டை' என்றும், தன் வெப்பத்தை உள்ளே அடக்கிக் குளிர்ந்து கிடப்பதைப் 'பனி' என்றும், பொத்தானை அழுத்தியவுடன் காணாமற்போவதைத் 'திரை' என்றும் பெயரிட்டிருக்கிறோம்.

பட்டையின் தத்துவத்தைப் புரிந்துகொள்ள எங்கள் ஊரில் அதிகம் தேடவேண்டியதில்லை. மெருகேற்றிய கிரானைட் பலகை ஒன்றை இருட்டில் நிறுத்தி டார்ச்சு அடித்தால், பலகை நேராக நிற்கும்போது வெளிச்சம் நம் கண்ணில் அடிக்கும். சற்றே சாய்த்துவிட்டால் வெளிச்சம் வேறு திசைக்குப் போய்விட, பலகை இருக்குமிடம் தெரியாது. 1981-இல் முதன்முதலாகப் பறந்த, ரேடாருக்கு எளிதில் அகப்படாத அமெரிக்கப் போர் விமானமான எஃப்-117 முழுவதும் இப்படிச் சாய்த்த தட்டைப் பரப்புகளால் ஆனது. விளிம்புகளில் அலைகள் சிதறுவது குறித்துச் சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்த்சேவ் 1962-இல் வெளியிட்ட கணிப்பு முறையே அதற்கு அடிப்படையாக அமைந்தது. காற்றில் பறப்பதற்கு அந்த வடிவம் மிகவும் தோதற்றது; கணினியின் இடைவிடாத திருத்தம் இல்லாமல் அதை நிலையாகப் பறக்கவைக்க இயலாது. விண்வெளியில் காற்றே இல்லாததால் அந்த விலையைக் கொடுக்கவேண்டிய தேவையில்லை என்பதே பட்டைக்கு ஆதரவான வலுவான வாதம்.

எனினும் கணக்கு அவ்வளவு தாராளமானதன்று. ரேடார் அலை போகும்போதும் திரும்பும்போதும் பரவி மெலிவதால், எதிரொலியின் வலிமை தூரத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் குறைகிறது. ஆகவே ரேடாருக்குத் தெரியும் பரப்பைப் பத்தாயிரத்தில் ஒன்றாகச் சுருக்கினால்தான் கண்டுபிடிக்கப்படும் தூரம் பத்தில் ஒன்றாகும். இதைவிடப் பெரிய சிக்கல், எதிரி ரேடாரைப் போடாமலேயே இருந்துவிடலாம் என்பது. அஞ்செட்டி, தளி பக்கம் கேழ்வரகு விளையும் காலத்தில் பரண்மேல் காவல் இருப்பவர் டார்ச்சு அடித்தால், யானை நிற்குமிடம் அவருக்குத் தெரிவதற்குள் அவர் இருக்குமிடம் யானைக்குத் தெரிந்துவிடும். ஒளியை வீசியவருக்கு இருவழிப் பயணம், பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒருவழிப் பயணம் என்பதால், விண்வெளியிலும் ரேடாரைப் போட்டவர்தான் முதலில் அகப்படுவார். எனவே தேர்ந்த ஆட்டக்காரர் ரேடாரை அணைத்துவிட்டு வெப்பத்தை மட்டுமே தேடுவார். அவருக்கு எதிரே பட்டையின் கோணங்களால் ஒரு பயனும் இல்லை.

பனியின் பலம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஆள் இருந்து வேலை செய்யும் கலத்தின் வெளித்தோல் 300 கெல்வின் வெப்பநிலையில், அதாவது நம் ஊர் அறை வெப்பத்தில் இருந்தால், ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 460 வாட் அகச்சிவப்புக் கதிரை வீசும். 100 சதுர மீட்டர் தோலுக்கு அது 46 கிலோவாட். பின்னணி வானமோ 2.7 கெல்வின் குளிரில் கிடக்கிறது. கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் மடிக்கு ஏற்ப மாறுவதால், தோலை 75 கெல்வினுக்குக் குளிர்வித்தால் 46 கிலோவாட் 180 வாட்டாகச் சுருங்கும். வெப்ப உணரிக்கு ஒருவழிப் பயணம் மட்டுமே என்பதால் கண்டறியும் தூரமும் பதினாறில் ஒன்றாகிவிடும். பட்டை தன் ரேடார் பரப்பை இதே 256-இல் ஒன்றாகச் சுருக்கினால் கிடைப்பது நான்கில் ஒன்றுதான்.

ஆனால் குளிர்வித்த வெப்பம் எங்கே போகும்? கலத்துக்குள்ளேயே தேங்கும். உள்ளே 200 கிலோவாட் வெப்பம் உண்டாகிறது என்று கொண்டால், ஒரு டன் பனிக்கட்டி உருகி முடியும் வரை, ஏறத்தாழ 28 நிமிடம் தாக்குப்பிடிக்கலாம். அதற்குப் பிறகு வெப்பத்தை வெளியே விட்டாக வேண்டும். 'எலைட் டேஞ்சரஸ்' விளையாட்டில் வெப்பத் துளைகளை மூடி ஓடும் முறை ஏறக்குறைய இதே பேரத்தைத்தான் ஆட்டக்காரரிடம் பேசுகிறது: எதிரியின் உணரிக்கு எளிதில் அகப்படமாட்டீர்கள், ஆனால் தாக்குதலைத் தடுக்கும் காப்புத்திரை போய்விடும், கலம் உள்ளுக்குள் காய்ந்துகொண்டே வரும். மறைவு என்பது கடனாகவும், கடனுக்குக் கெடு உள்ளதாகவும் அமைவதால் ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டக்காரர் கணக்குப் பார்க்கவேண்டியிருக்கிறது. விளையாட்டுக்கு இதைவிட நல்ல விதியை நான் அறியேன்.

பனிக்குச் சூரியனும் ஒரு பகை. பூமியின் தொலைவில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 1,361 வாட் வெயில் விழுகிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஐந்து அடுக்கு வெயில்மறைப்புக்குப் பின்னால் சுமார் 40 கெல்வின் குளிரில் இருப்பதுபோல, பனியும் ஒரு மறைப்பை எப்போதும் சூரியனை நோக்கிப் பிடித்திருக்கவேண்டும். அந்த மறைப்பு வெயிலை எதிரொளிப்பதால், சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து பார்க்கும் எதிரிக்குக் கலம் பளிச்சென்று தெரியும். ஆகவே பனியை ஓட்டுபவர் எந்தப் பக்கத்திலிருந்து நெருங்குவது என்பதை முன்கூட்டியே திட்டமிடவேண்டும். எஞ்சினைப் போட்டாலோ கதை முடிந்தது. பத்து டன் கலத்தைப் புவியீர்ப்பு அளவு முடுக்கத்தில் தள்ளும் ஹைட்ரஜன்-ஆக்சிஜன் எஞ்சினின் பீற்றலில் ஏறத்தாழ 220 மெகாவாட் ஆற்றல் பாய்கிறது. அதில் நூறில் ஒரு பங்கு அகச்சிவப்பாக வெளியேறினாலும், மறைந்த நிலையைக் காட்டிலும் நூறு மடங்குக்கு மேற்பட்ட தூரத்திலிருந்து கலம் தெரிந்துவிடும்.

முழுக் குளிரும் முழு இருட்டும் கைகூடினாலும், பின்னால் இருக்கும் விண்மீனைக் கலம் மறைக்கத்தானே செய்யும்? நம் பக்கத்து மாவட்டமான திருப்பத்தூரின் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் ஆய்வகத்தில், 1977-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்கியபோது அதன் ஒளி தடுக்கப்பட்டது பதிவானது. அந்தக் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதைக் காட்டிய நிகழ்வு அது. பத்து மீட்டர் கலம் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே வருவது அரிது என்பதால், இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தால் மட்டும் அகப்படலாம் என்று விதி வைத்திருக்கிறோம்.

திரையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 'ஈவ் ஆன்லைன்' விளையாட்டில் மறைந்திருக்கும் கலம் சுடமுடியாது, 2,000 மீட்டருக்குள் வேறு எந்தப் பொருள் வந்தாலும் மறைவு கலையும் என்று கட்டுப்பாடுகள் இருப்பதால் அங்கே அது பொருந்துகிறது. எங்கள் மேசையிலோ, எதிரி என்ன உணரி வைத்திருந்தாலும் ஒன்றுதான் என்றாகிவிட, உணரிகளுக்கு எழுதிய பன்னிரண்டு பக்க விதிகளும் வீணாகும். அதனால் திரையை நீக்கிவிட்டோம்.

எஞ்சிய இரண்டில் என் வாக்கு பனிக்கே. ஆனால் கோண வடிவத்துக்கு விண்வெளியில் செலவு இல்லை என்பதால், பனிக்கும் பட்டையின் உடலையே கொடுக்கலாம் என்பதையும் ஏற்கிறேன். இப்போது நடக்கும் வாக்குவாதம் மறைந்திருக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றாகச் செலவாகும் பனி வில்லைகளைக் கலத்துக்கு எத்தனை கொடுப்பது என்பதுதான். ஒரு சுற்று ஐந்து நிமிடம் என்பதால், ஒரு டன்னுக்கு ஐந்து வில்லை என்பது என் கணக்கு. ஆறாவது சுற்றில் வெப்பம் கசியத் தொடங்கி, எதிரி பகடை உருட்டும் உரிமையைப் பெறுவார்.