புரோகிரசிவ் டூலா, காம்பவுண்ட் டூலா? ஒரு வாஷரை வைத்து ஓர் அலசல்

தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் எந்திர வேலையில் ‘டை’ என்ற சொல் இரண்டு பொருளில் புழங்குகிறது. முழுக் கருவியையும் டை என்கிறோம்; அதற்குள் பஞ்ச், அதாவது தகட்டை வெட்டும் எஃகுத் தண்டு, இறங்கும் துளையுள்ள கடின எஃகுப் பாளத்தையும் டை என்கிறோம். புதிதாக டூல்ரூமில் சேர்பவர்கள் டிராயிங்கைப் பார்த்துத் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே முழுக் கருவியை டூல் என்றும், வெட்டும் பாளத்தை மட்டும் டை என்றும் இங்கே எழுதுகிறேன்.

2 மி.மீ. தடிமனுள்ள மைல்டு ஸ்டீல் தகட்டிலிருந்து எம்10 வாஷர் எடுப்பதாகக் கொள்வோம். வெளிவிட்டம் 20 மி.மீ., துளை 10.5 மி.மீ. துளையிடுவது பியர்சிங், அதில் கீழே விழும் சில்லு, அதாவது ஸ்லக், கழிவு. வெளிவட்டத்தை வெட்டுவது பிளாங்கிங். அதில் வெட்டுண்டு வருவதே நமக்கு வேண்டிய பொருள். எனவே பியர்சிங்கில் அளவு பஞ்சுக்கு உரியது, பிளாங்கிங்கில் அளவு டைக்கு உரியது. பக்கத்துக்குத் தடிமனில் 5 சதவீதம், அதாவது 0.1 மி.மீ. கிளியரன்ஸ் (பஞ்சுக்கும் டைக்கும் இடையிலான இடைவெளி) விட்டால், பியர்சிங் பஞ்ச் 10.5, அதன் டை 10.7, பிளாங்கிங் டை 20, அதன் பஞ்ச் 19.8 என்று அமையும். எந்த வகை டூலானாலும் இந்தக் கணக்கு மாறாது.

புரோகிரசிவ் டூலில் இந்த இரண்டு வேலைகளும் டூலுக்குள் அடுத்தடுத்து அமைந்த இடங்களில், அதாவது ஸ்டேஷன்களில், நடக்கின்றன. துளையிட்ட ஸ்ட்ரிப் (தகட்டுப் பட்டை) ஒரு பிட்ச், அதாவது அடுத்த ஸ்டேஷன் வரையிலான தூரம், நகர்ந்ததும், பிளாங்கிங் பஞ்சின் நுனியில் உள்ள பைலட் என்ற முளை அந்தத் துளைக்குள் நுழைந்து ஸ்ட்ரிப்பைச் சரியான இடத்துக்கு இழுத்துவிட, அதன் பிறகே வெளிவட்டம் வெட்டுப்படுகிறது. பைலட் துளைக்குள் இறங்க வேண்டுமானால் துளையைவிடச் சற்றுச் சிறியதாகத்தான் இருக்க முடியும். அந்த இடைவெளியளவுக்கு மையம் விலகலாம். வாஷர் டை வழியே தானாகக் கீழே விழுந்துவிடுவதால் வேகத்தில் இதை மிஞ்ச முடியாது. சுமை மட்டும் ஒருபக்கமாகச் சாயும். வெட்டும் சுற்றளவு கூடினால் சுமையும் கூடும்: துளையின் சுற்றளவு 33 மி.மீ., வெளிவட்டத்தின் சுற்றளவு 63 மி.மீ. என்பதால், பிட்ச் 22 மி.மீ. என வைத்தால், டூலின் மேல் பாதியைப் பிரஸ்ஸோடு பிணைக்கும் தண்டான ஷாங்க்கின் மையம் பியர்சிங் பஞ்சிலிருந்து சுமார் 14.4 மி.மீ. தள்ளி அமைய வேண்டும். நடுவில், 11 மி.மீ. தூரத்தில், ஷாங்க்கைப் பொருத்தினால் டூலின் இரு பாதிகளையும் நேராக வைத்திருக்கும் கைடு பில்லர்களும் அவை ஓடும் புஷ்களும் ஒருபக்கமாகத் தேயும்.

காம்பவுண்ட் டூலில் ஒரே ஸ்டேஷனில் ஒரே அடியில் இரண்டு வெட்டும் முடிகின்றன. இங்கே பிளாங்கிங் டை மேல் பாதியில் இருக்கிறது; கீழ்ப் பாதியில் நிற்கும் பிளாங்கிங் பஞ்சே, நடுவில் துளையோடு, பியர்சிங்குக்கு டையாகவும் வேலை செய்கிறது. மையப் பொருத்தம் ஸ்ட்ரிப் நகர்வதை நம்பியிராமல் டூலிலேயே அமைந்துவிடுவதுதான் இதன் பெரும் பலம். ஆனால் வாஷர் மேல் டைக்குள் சிக்கிக்கொள்வதால் அதை நாக்-அவுட் என்ற தள்ளுதண்டு தள்ளிவிட வேண்டும். தள்ளிவிட்ட வாஷர் அடுத்த அடிக்குள் டூலை விட்டு வெளியேறவும் வேண்டும். வேகம் குறைவது இதனால்தான்.

பலர் கவனிக்காத வேறுபாடு பிசிறில் இருக்கிறது. வாஷரின் இரு முகங்களிலும் நகத்தை ஓட்டிப் பார்த்தால் அது எந்த டூலில் வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். புரோகிரசிவ் டூலில் துளையின் பிசிறு அடிமுகத்திலும், வெளிவிளிம்பின் பிசிறு மேல்முகத்திலும் நிற்கும். காம்பவுண்ட் டூலில் இரண்டும் ஒரே முகத்தில் நிற்பதால் மற்றொரு முகம் சுத்தமாக இருக்கும். வாஷர் உட்காரும் பரப்பு முக்கியமானால் அந்த முகத்தை அங்கே வைக்கலாம்.

சாதாரண வாஷரைப் பெரும் எண்ணிக்கையில் அடிக்க நான் புரோகிரசிவ் டூலையே தேர்ந்தெடுப்பேன். மையப் பொருத்தம் கண்டிப்பாகக் கேட்கப்பட்டால் காம்பவுண்ட் டூல். அப்போதும் வளையத்தின் அகலத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். இந்த வாஷருக்குப் பிளாங்கிங் பஞ்சின் சுவர் 4.55 மி.மீ. வரும், அது போதும். துளை 15 மி.மீ. என்றால் சுவர் 2.3 மி.மீ. மட்டுமே. ஸ்லக் தடையின்றி விழ உள்ளே அகலப்படுத்தும்போது அதுவும் மெலிந்து, 2 மி.மீ. தகட்டை வெட்டும் அடிகளைத் தாங்காமல் விரிசல் விடும். அத்தகைய ஒடுங்கிய வளையத்துக்கு, மையப் பொருத்தம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்று புரோகிரசிவ் டூலைத்தான் செய்வேன்.