ஃபிஃபா 11+: வீராங்கனைகளின் முழங்காலுக்கு இருபது நிமிடக் காவல்

பெண்கள் கால்பந்தில் ஒருவர் எத்தனை ஆண்டு ஆடுவார் என்பதைப் பல நேரம் முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார்தான் முடிவு செய்கிறது. 2021, 2022 இரண்டு ஆண்டும் உலகின் சிறந்த வீராங்கனைக்கான பலோன் தோர் விருதை வாங்கிய ஸ்பெயினின் அலெக்சியா புத்தேயாஸுக்கு, 2022 ஜூலையில் யூரோ (ஐரோப்பியக் கோப்பை) தொடங்கும் நேரத்தில் பயிற்சியிலேயே அது கிழிந்தது. மறுபடி களமிறங்க 2023 ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது. அப்போது ஆர்சனல் கிளப்பில் ஆடிய பெத் மீட், விவியானே மீடெமா, லியா வில்லியம்சன் மூவரும் இதே காயத்தால் 2023 உலகக் கோப்பையை இழந்தார்கள். இந்தக் காயம் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு அதிகம். அதனால் ஃபிஃபா இலவசமாகத் தரும் 11+ வார்ம் அப் திட்டத்தைப் பெண்கள் அணிகள் கட்டாயம் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

பெரிய செலவு கிடையாது. ஐந்தாறு மீட்டர் இடைவெளியில் ஆறு ஜோடி கோன், சில பந்துகள், அவ்வளவுதான். மூன்று பகுதி, 15 பயிற்சி. முதல் 8 நிமிடம் மெதுவோட்டம்: இடுப்பை வெளியே திருப்பி, உள்ளே திருப்பி, கூட ஓடும் தோழியைச் சுற்றி, தோளோடு தோள் மோதி. அடுத்த 10 நிமிடம் வலிமை, சமநிலை, தாவல். கடைசி 2 நிமிடம் வேக ஓட்டமும் திடீர்த் திரும்பலும். வாரம் இரண்டு முறையாவது செய்ய வேண்டும். மேட்ச் நாளில் நடுப்பகுதியை விட்டுவிட்டு ஒன்றும் மூன்றும் போதும்.

திட்டத்தின் உயிர் அந்த நடுப்பகுதிதான். பெரும்பாலான அணிகள் நேரமில்லை என்று முதலில் வெட்டுவதும் அதையேதான். ஆறு பயிற்சிக்கும் மூன்று நிலை உண்டு. முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்க், முதல் நிலையில் 20 முதல் 30 விநாடி, மூன்று முறை. தொடையின் பின்பக்கத் தசையான ஹாம்ஸ்ட்ரிங்குக்கான நார்டிக் பயிற்சியில் முட்டி போட்டு நிற்பவரின் கணுக்காலைத் தோழி தரையோடு அழுத்திப் பிடிக்க, தலை முதல் முட்டி வரை ஒரே நேர்கோடாக மெல்ல முன்னால் சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். தொடக்கத்தில் 3 முதல் 5 தடவை. இரண்டாம் நிலையில் 7 முதல் 10. மூன்றாம் நிலையில் 12 முதல் 15. முதல் நாளே பத்து போட்டால் மறுநாள் தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொள்ளும். அதோடு பலர் இதையே கைவிட்டுவிடுகிறார்கள். இடுப்பை மடக்கிச் சாய்ந்தால் எண்ணிக்கை ஏறும், தசைக்கு வேலை இருக்காது.

ஸ்குவாட்டிலும் (முட்டியை மடக்கி உட்கார்ந்தெழுவது) தாவலிலும் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. இடுப்பு, முட்டி, பாதம் மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். யாரும் மோதாமலே ஏசிஎல் கிழிவது பெரும்பாலும் ஒற்றைக் காலில் எடை விழ, முட்டி கிட்டத்தட்ட நேராக நீண்டபடி உள்ளே சரியும் நொடியில்தான். குதித்து இறங்கும்போது முன்பாதம் முதலில் பட்டு, இடுப்பும் முட்டியும் மடங்க வேண்டும். ‘தொம்’ என்று சத்தம் கேட்டால் இறங்கிய விதம் சரியில்லை. ஒற்றைக் கால் ஸ்குவாட்டில் முட்டி ஆடத் தொடங்கினால் அந்த ஆழத்தோடு நிறுத்த வேண்டும், அல்லது முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இதையெல்லாம் செய்பவரால் தானே பார்க்க முடியாது. பயிற்சியாளர் எதிரே நின்று ஒவ்வொரு முட்டியாகப் பார்க்க வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டு விசில் ஊதினால் இருபது நிமிடமும் வீண்.

பலன் உண்டா? நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் ஆடும் 125 கிளப்புகளில், சுமார் 1,900 பேரிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. 11+ செய்த அணிகளில் மொத்தக் காயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயம் ஏறக்குறைய 45 சதவீதமும் குறைந்தன. கால் காயங்களை மட்டும் தனியே எடுத்தால் குறைவு தெரிந்தாலும் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். விடாமல் செய்த வீராங்கனைகளுக்கு ஆபத்து இன்னும் குறைந்தது.

குறைகளும் இருக்கின்றன. பந்து கிட்டத்தட்ட இல்லாததால் சில வாரங்களில் சலிப்புத் தட்டும். நிலையை உயர்த்தாமல் முதல் நிலையிலேயே நிற்கும் அணிகளில் இது இன்னும் சீக்கிரம் வரும். கோல் கீப்பரின் தோளுக்கு இதில் ஒன்றும் இல்லை, அதற்குத் தனித் திட்டம் வேண்டும். 14 வயதுக்குக் கீழே இருக்கும் சிறுமிகளுக்கு இதைத் தராதீர்கள், அவர்களுக்கென்று 11+ கிட்ஸ் இருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து திரும்புகிறவர்களுக்கும் இது சிகிச்சை ஆகாது. பிசியோ அனுமதித்த பிறகே தொட வேண்டும்.

புதிதாகத் தொடங்கும் அணி முதல் மாதம் முழுக்க முதல் நிலையிலேயே இருக்கலாம். அணியில் எல்லாரும் ஒரே நாளில் இரண்டாம் நிலைக்கு ஏற வேண்டியதில்லை. முட்டி உள்ளே சாயாமல் நிற்கிற பெண் ஏறட்டும், மற்றவர்கள் அடுத்த வாரம் ஏறலாம்.