ஹோம்ஸும் புவாரோவும் பிறந்த கதை

கதைகளில் வரும் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸின் வேர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே, ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலுக்கு மருத்துவம் கற்பித்த ஜோசப் பெல், நோயாளி வாய் திறக்கும் முன்பே ஆள் யாரென்று சொல்லிவிடுவார். மரியாதையான ஒருவர் தொப்பியைக் கழற்றாமல் நின்றார். பட்டாளத்தில் தொப்பியைக் கழற்றும் வழக்கம் இல்லை என்பதால், அவர் சமீபத்தில்தான் பட்டாளத்தை விட்டு வந்திருக்கிறார் என்று பெல் கண்டுபிடித்தார். அவருக்கு இருந்த யானைக்கால் நோய் பிரிட்டனில் வருவதல்ல, மேற்கிந்தியத் தீவுகளில் வருவது என்பதால், அங்குள்ள பார்படோஸில் இருந்தவர் என்றார். என்ன கண் அது! 1887-இல் வந்த முதல் ஹோம்ஸ் நாவலின் உரிமைக்கு டாயிலுக்குக் கிடைத்தது வெறும் 25 பவுன்.

இன்னொரு கதைத் துப்பறிவாளரான, பெல்ஜியக்காரர் ஹெர்க்யூல் புவாரோ போரில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது தன் ஊரான இங்கிலாந்தின் டார்க்கிக்கு வந்த பெல்ஜிய அகதிகளைப் பார்த்துத்தான் எழுத்தாளர் அகதா கிறிஸ்டிக்கு அந்த யோசனை வந்தது. மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்ததால் விஷங்கள் அவருக்கு அத்துப்படி. 1920-இல் வந்த முதல் புவாரோ நாவலில் கொலை நடப்பதும் ஸ்ட்ரிக்னின் என்ற விஷத்தால்தான். துப்பறிபவரைவிட அந்த விஷ நுணுக்கம்தான் எனக்கு அதில் அதிகம் பிடித்தது.